பதினோரு நொடி

மாயேபாஷி ரயில் நிலையத்துக்குத் தெற்கே, நெடுஞ்சாலை ஓரம் இருக்கும் அந்த எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு நாங்கள் முதன்முதலாகப் போனது செப்டம்பர் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான், மனைவி மிஹோகோ, மகள் சினாட்சு. சினாட்சுவுக்கு அப்போதுதான் ஆறு வயது முடிந்திருந்தது.

பயப்படும்படியாக அங்கே எதுவும் இல்லை. பட்டப்பகல். கூரை முழுக்கக் குழல் விளக்குகள். கடையின் விளம்பரப் பாட்டு ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு நடந்ததெல்லாம் வெளிச்சத்தில்தான் நடந்தது. இருட்டின் மேல் பழிபோட எனக்கு வழியில்லை.

பாலர் பள்ளியின் விளையாட்டு விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. போன வருடம் என் மச்சானிடம் வீடியோ கேமரா இரவல் வாங்கினேன். கொடுத்தவன் அதை வருடம் முழுக்கச் சொல்லிக் காட்டினான். இந்த முறை சொந்தமாக ஒன்று வாங்குவது என்று முடிவு. ஐம்பதாயிரம் யென்னுக்கு மேல் ஒரு யென்கூடக் கிடையாது என்று மிஹோகோ காரிலேயே சொல்லிவிட்டாள்.

அந்தப் பிரிவில் இருந்த விற்பனைப் பெண்மணி பெயர் ஹமானோ. ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

"டிஸ்க்குல பதியறது எண்பதாயிரத்துக்கு மேல போகும் சார். டேப்புல பதியறது நாப்பத்தெட்டாயிரம். படம் ரெண்டுலயும் நல்லாத்தான் இருக்கும். டேப்புன்னா ஓட்டித் தேடணும், அவ்வளவுதான்."

"எத்தன மடங்கு ஜூம்?" என்று கேட்டேன்.

ஹமானோ கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "வர்ற அப்பாங்க எல்லாரும் இதத்தான் மொதல்ல கேக்கறாங்க. பெட்டி மேல எண்ணூறு மடங்குன்னு போட்டிருப்பான். அத நம்பாதீங்க, எல்லாம் கட்டங்கட்டமா வரும். லென்ஸ் எவ்வளவு இழுக்குதோ அதான் நெஜம். இது இருபது மடங்கு. மைதானத்து அந்தக் கோடியில நிக்கற கொழந்தையோட மூக்குச்சளி வரைக்கும் தெரியும்."

"அதுதான் எங்களுக்கு வேணும்" என்றாள் மிஹோகோ.

"கையில எடுத்து மூணு நிமிஷம் தூக்கிப் பிடிங்க சார். எடை முக்கியம்."

"அவரா? அரிசி மூட்டைய மூணு நொடி தூக்க மாட்டாரு."

சினாட்சு கைகொட்டிச் சிரித்தாள். நான் மூன்று நிமிடம் பிடித்துக் காட்டினேன். அதோடு விலை பேசி முடிந்தது. தீப்பெட்டி அளவு கேசட்டுகள் மூன்று சேர்ந்த பொட்டலம் ஒன்றும் வாங்கினோம். ஹமானோ ஒரு கேசட்டைத் திருப்பி, அதன் முதுகில் இருந்த சின்னத் தாழ்ப்பாளை நகத்தால் தள்ளிக் காட்டினார்.

"எடுத்து முடிச்சதும் இத இந்தப் பக்கம் தள்ளிடுங்க. அப்புறம் மேல எதுவும் பதியாது. மறந்துடாதீங்க சார். இதுல ஒண்ணு மேல இன்னொண்ணு பதிஞ்சா, அடியில இருந்தது போனது போனதுதான்."

"இதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றாள் மிஹோகோ. அவள் சொன்னால் செய்வாள்.

விழாவுக்கு முந்தைய நாள் மாலை, பள்ளி வாசலில் இசோபே, மரியாதையாகச் சொன்னால் இசோபே சான், என்னை நிறுத்தினார். சினாட்சுவின் வகுப்புப் பையன் ஷூஹேயின் அம்மா. கணவர் இல்லை. ஊருக்கு வெளியே சாப்பாட்டுப் பெட்டி தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை. அக்டோபர் சனிக்கிழமைகளில் எல்லா ஊரிலும் விளையாட்டு விழா, எல்லாருக்கும் சாப்பாட்டுப் பெட்டி வேண்டும். அதனால் அவருக்கு மட்டும் விடுப்பு கிடைக்கவில்லை.

"குரிஹாரா சான், கேமரா வாங்கியிருக்கீங்களாமே, சினாட்சு சொல்லிச்சு. கனமா இருக்குமா? ஒத்தக் கையில புடிக்க முடியுமா?" என்று கேட்டார். விலையையும் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஷூஹேயும் சினாட்சுவோட வரிசையிலதான் ஓடறான். இடையில ஒரு நொடி அவன் பக்கமும் திருப்ப முடியுமா? நீங்க எடுப்பீங்க, அம்மா அப்புறமா பாப்பேன்னு அவன்கிட்ட சொல்லட்டுமா?"

"அட, இது ஒரு விஷயமா? தாராளமா சொல்லுங்க. தனியா டேப் போட்டே குடுத்துடறேன்."

வாய் இனிக்க இனிக்கச் சொன்னேன். சொல்வதற்கு என்ன செலவு?

அதிகாலை ஐந்து மணிக்கே போய்ப் பாய் விரித்து முன்வரிசையில் இடம் பிடித்தேன். மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டிருந்தார்கள். காற்றில் அந்த வாசனை. பந்தயம் தொடங்கியதும் நான் சினாட்சுவை மட்டுமே பிடித்துக்கொண்டு போனேன். எல்லா அப்பாக்களும் அப்படித்தான். பக்கத்தில் ஓடும் குழந்தைகள் எங்கள் கண்ணுக்கே படுவதில்லை. சினாட்சு இரண்டாவதாக வந்தாள். கேமராவை இறக்கப்போன சமயத்தில், ஷூஹே எனக்கு நேர் எதிரே ஓட்டத்தை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தான்.

மற்றவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். அவன் மட்டும் நின்று, லென்ஸைப் பார்த்து இரண்டு கைகளையும் ஆட்டினான். "அம்மா! அம்மா!" என்று கத்தினான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு மூச்சு வாங்கக் கேட்டான். "சினாட்சு அப்பா, எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன், ஓடு" என்றேன்.

கடைசியாக வந்தான். அன்று சாயங்காலம் வீட்டில் போட்டுப் பார்த்தோம். அவன் நின்றது சரியாகப் பதினோரு நொடி. மிஹோகோ சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "இசோபே சான் இதப் பாத்தா அழுதுடுவாங்க. நாளைக்கே குடுத்துடுங்க." கேசட்டின் தாழ்ப்பாளைத் தள்ளி, மேலே 'விளையாட்டு விழா' என்று எழுதி வைத்தாள்.

இன்னொரு டேப்பில் மாற்ற வேண்டுமானால் கம்பிகளைக் கோத்து, ஒரு மணி நேரப் படத்தை ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அலுப்பாக இருந்தது. அடுத்த வாரமும் அலுப்பாக இருந்தது. மாதக் கடைசியில் இசோபே சான் ஒருமுறை கேட்டார். கேட்டவரே "அவசரமில்ல" என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமானதாக இருந்தது.

நவம்பரில் கம்பெனியின் கோல்ஃப் போட்டி வந்தது. பயிற்சித் திடலில் என் அடியை நானே படமெடுத்துப் பார்த்தால் தப்பு தெரியும் என்று அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள். கேமராவையும் முக்காலியையும் எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே இருந்த கேசட்டைத் தவிர வேறு கேசட் எடுத்துப்போகவில்லை. பொத்தானை அழுத்தினேன். பதியவில்லை. திரையில் ஒரு பூட்டுப் படம் வந்தது.

கேசட்டை வெளியே எடுத்துப் பார்த்தேன். மிஹோகோவின் கையெழுத்தைப் பார்த்தேன். பந்தயம் டேப்பின் பின்பாதியில் இருக்கிறது, முன்னால் வெறும் அணிவகுப்புதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓட்டிப் பார்க்கவில்லை. திடலுக்கு மணிக்கணக்கில் வாடகை. தாழ்ப்பாளை நகத்தால் தள்ளித் திறந்தேன். தவறுதலாக நடந்தது என்று பிற்பாடு எத்தனை பேரிடம் சொல்ல ஆசைப்பட்டேன் தெரியுமா? தவறுதலாக யாரும் தாழ்ப்பாளைத் திறப்பதில்லை.

அடுத்த ஞாயிறு டேப்பை மாற்ற உட்கார்ந்தேன். தொலைக்காட்சியில் நான் மட்டை வீசினேன். மறுபடி வீசினேன். நாற்பது நிமிடம் வீசிக்கொண்டே இருந்தேன். அது முடிந்ததும் கயிறு இழுக்கும் போட்டியின் நடுவிலிருந்து படம் தொடர்ந்தது. மிஹோகோ துணி மடித்துக்கொண்டே வந்து நின்றாள்.

"இதுக்கு முன்னாடி இதுல என்ன இருந்துச்சு?"

நான் டேப்பை நிறுத்தினேன்.

"நான் பூட்டித்தானே வெச்சேன்." பிறகு, "நீங்களே தெறந்தீங்களா?" என்றாள்.

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் பேசினாள். கேட்டால் பார்த்துக்கொள்ளலாம், கேட்காவிட்டால் விட்டுவிடலாம் என்று இருவரும் முடிவு செய்தோம். அதைத் திட்டம் போட்டுச் செய்தோம் என்பதுதான் உண்மை.

டிசம்பர் பத்தாம் தேதி ஷூஹே இறந்துபோனான். விஷக் காய்ச்சல். இரண்டே நாள். மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள்.

துக்க வீட்டில் இசோபே சான் எதுவும் கேட்கவில்லை. நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்த பிறகு, ஜனவரிக் கடைசியில் ஒரு மதிய வேளை எங்கள் வீட்டு மணியை அடித்தார். துக்கத்துக்குப் பணம் வைத்தவர்களுக்குப் பதில் மரியாதையாகத் தேயிலைப் பெட்டி கொடுப்பது வழக்கம். அதை இரண்டு கையாலும் நீட்டினார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"குரிஹாரா சான். கேக்கவே கூச்சமா இருக்கு. அந்த விளையாட்டு விழா டேப்பு… எங்கிட்ட கேமரா கிடையாது. அவன் ஓடறத நான் பாத்ததே இல்ல."

பின்னால் அடுப்படியில் மிஹோகோ பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தியது கேட்டது.

"அது வந்து… மெஷின்ல சிக்கிக்கிச்சு. டேப்பு உள்ளயே சுத்திக்கிட்டு, கிழிஞ்சு போச்சு. நானே சொல்லணும்னு இருந்தேன்."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்திருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். ஆழமாகக் குனிந்து வணங்கினார். "ஐயோ, உங்க மகளோடதும் அதுலதானே இருந்துச்சு. உங்களுக்கும் நஷ்டம். சிரமம் குடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க."

கதவு சாத்திய பிறகும் பெட்டியைப் பிடித்தபடி நின்றேன். அந்தத் தேயிலையை நாங்கள் பிரிக்கவே இல்லை.

பிப்ரவரியில் பள்ளி நாடகம். சினாட்சு எலி வேடம். மேடையில் ஆறு எலிகள் வரிசையாக நின்றன. முக்காலியில் கேமராவை வைத்து, சினாட்சுவை நடுவில் நிறுத்தி, பதிவுப் பொத்தானை அழுத்தினேன்.

லென்ஸுக்குள், தானாகத் தெளிவு தேடும் மோட்டார் மெல்ல முனகியது.

திரையில் சினாட்சுவின் முகம் மங்கியது. நீர் வழியும் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவள் போல ஆனாள். அவளுக்கு இடதுபக்கம், ஒருவரும் இல்லாத ஓர் இடைவெளி. அதற்குப் பின்னால் இருந்த திரைச்சீலையும் தெளிவாக இல்லை. முன்னால் இருந்த தரையும் தெளிவாக இல்லை. நடுவில் எதையோ பிடித்துக்கொண்டு கேமரா அசையாமல் நின்றது.

லென்ஸ் வளையத்தைக் கையால் திருப்பினேன். மகள் மறுபடி தெளிவாகத் தெரிந்தாள். மறுபடியும் முனகல். மறுபடியும் அந்த இடைவெளி.

வீட்டில் போட்டு மிஹோகோவும் நானும் பார்த்தோம். கடைசியில் எழுந்து தொலைக்காட்சியை அணைத்தாள். "கேமரா கெட்டுப்போச்சு போல. வேற வாங்கிடலாம்" என்றாள். பட்ஜெட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த ஞாயிறு மதியம் அதே கடைக்குத் தனியாகப் போனேன். ஹமானோ என் கேமராவை வாங்கிச் சோதித்தார். தன் முகத்தை, விலைச்சீட்டை, வாசலில் நின்ற காரை எடுத்துப் பார்த்தார். எல்லாம் தெளிவாக வந்தன.

"இதுல ஒரு கோளாறும் இல்லியே சார்."

"பரவால்ல. வேற காட்டுங்க. எவ்வளவு ஆனாலும் சரி."

"நல்லா வேல செய்யறத வெச்சுக்கிட்டு எதுக்கு சார் புதுசு?" என்று முணுமுணுத்தாலும், மாதிரிக் கேமராக்கள் இருந்த நீள அலமாரிக்கு அழைத்துப்போனார். ஒன்பது கேமராக்கள். ஒவ்வொன்றும் ஒரு கம்பியில் கட்டப்பட்டு, திரை விரிந்து, நடைபாதையைப் பார்த்தபடி இருந்தன. நான் அவற்றின் எதிரே போய் நின்றேன். ஒன்பது திரைகளிலும் என் இடுப்பும் வயிறும் தெரிந்தன.

முதல் கேமரா முனகியது.

அடுத்தது முனகியது. அதற்கடுத்தது. வரிசையாக, ஒன்று முடிய ஒன்று, ஒன்பதும்.

ஒன்பது திரைகளிலும் என் உருவம் மங்கிப்போனது. என் இடுப்புக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருந்த வெற்றிடத்தை அவை எல்லாம் சேர்ந்து பார்த்தன.

"இதென்ன, ஒண்ணு விடாம எல்லாமே…" என்றார் ஹமானோ. சுவிட்சுப் பெட்டியை எட்டிப் பார்த்தார். "மின்சாரத்துல ஏதாவது இருக்கும். அதுக்குள்ள நீங்க இதுல சத்தம் எப்படின்னு கேட்டுப் பாருங்க." ஒரு ஹெட்ஃபோனை என் காதில் மாட்டிவிட்டார்.

கடைப்பாட்டு கேட்டது. காலடிகள் கேட்டன. அப்புறம் அவையெல்லாம் அடங்கின.

சுண்ணாம்புத் தூளின் வாசனை வந்தது.

மூச்சு. ஓடிவந்து நின்ற குழந்தையின் மூச்சு. மைக்குக்கு மிக அருகில்.

"சினாட்சு அப்பா."

நான் அசையவில்லை.

"எடுத்துட்டீங்களா? அம்மா பாத்தாச்சா?"

ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தேன். ஹமானோ அதைக் குனிந்து எடுத்துத் தன் காதில் வைத்துக் கேட்டார். "யாரோ மூச்சு வாங்கற மாதிரி இருக்கே. பக்கத்துல கொழந்த ஏதாவது…" என்று அலமாரியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினார். குழந்தை யாரும் இல்லை. திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்த்தார். அதற்குமேல் அவர் எனக்கு எந்தக் கேமராவையும் காட்டவில்லை.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அழுதேன். அந்தக் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே கேட்டான். நான் எடுத்திருப்பேன், கொடுத்திருப்பேன் என்று அந்தப் பிள்ளை இன்னும் நம்பிக்கொண்டிருந்தான்.

"வா, ரெண்டு பேருமா இசோபே சான்கிட்ட போய்ச் சொல்லிடலாம்" என்று மிஹோகோவைக் கூப்பிட்டேன்.

"நான் வரமாட்டேன்" என்றாள். "தெறந்தது நீங்க. உங்க வாயால நீங்களே சொல்லுங்க."

மார்ச் முதல் ஞாயிறு, மதியம் இரண்டு மணிக்கு இசோபே சான் வீட்டுக்குப் போனேன். இரும்புப் படிக்கட்டு வைத்த பழைய இரண்டு மாடிக் குடியிருப்பு. ஒரே அறை. சுவரோரம் சின்னப் பூஜை மாடம். அதில் ஷூஹேயின் படம். வகுப்புக் குழுப்படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கியது. அதனால் முகம் புள்ளி புள்ளியாக இருந்தது. படத்துக்குக் கீழே ஒரு கட்டுக் காகிதம். வீடியோ கேமரா விளம்பரத் தாள்கள். ஒவ்வொன்றிலும் விலை குறைந்த மாடலைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஓரத்தில் 'எடை?' 'ஒரு கை?' என்று பென்சிலில் குறிப்புகள்.

"தொடக்கப் பள்ளி சேரும்போது வாங்கணும்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார், என் பார்வையைக் கவனித்து. "எது மலிவு, எது நல்லதுன்னு ஒண்ணும் புரியல. உங்களோடத விசாரிச்சு, அதயே வாங்கலாம்னு வெச்சிருந்தேன்."

நான் பாயில் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட வணங்கினேன். எழுந்திருக்காமல் அப்படியே பேசினேன். டேப் சிக்கவில்லை. கிழியவில்லை. பதினோரு நொடி இருந்தது. உங்களைக் கூப்பிட்டுக் கையாட்டினான். நான் தாழ்ப்பாளைத் திறந்து அதன் மேல் வேறு பதித்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"வேறன்னா, என்ன பதிச்சீங்க?"

"கோல்ஃப்."

"கோல்ஃப்" என்று அவரும் சொன்னார். பிறகு கேட்டார். "போட்டியில ஜெயிச்சீங்களா?"

"இல்ல. கடைசியிலேருந்து மூணாவது."

அவர் திட்டவில்லை. என் மேல் எதையாவது எடுத்து வீசியிருந்தால் அன்றிரவு நான் தூங்கியிருப்பேன். அவர் எழுந்துபோய்த் தொலைக்காட்சியின் மேல் இருந்த துணியை எடுத்து மடித்தார்.

"அந்த டேப்பு கொண்டாந்திருக்கீங்களா?"

கொண்டுவந்திருந்தேன். கேமராவும் பையில் இருந்தது. ஏன் எடுத்து வந்தேன் என்று எனக்கே தெரியாது.

"போடுங்க. பாக்கறேன்."

"இசோபே சான், அதுல ஒண்ணுமே…"

"அவன் இருந்த எடம் அது. போடுங்க."

மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பிகளைக் கோத்தேன். டேப் ஓடத் தொடங்கியது. செத்துப்போன பிள்ளையின் மாடத்துக்கு எதிரே, அவன் அம்மாவின் கண்முன், நான் மட்டையை ஓங்கினேன். இடுப்பை வளைத்தேன். பந்து போகும் திசையைப் பார்த்து நாக்கைக் கடித்தேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டு மறுபடி ஓங்கினேன். அவர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. அவருக்குப் பின்னால், சுவரோரமாகக் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தாவது அடி. ஆறாவது அடி.

ஏழாவதில் படம் கலங்கியது. திரையில் நான் மங்கிப்போனேன். எனக்குப் பின்னால் எதையோ தேடிப்போய்க் கேமரா நின்றது. வீட்டில் இந்த டேப்பைப் போட்டுப் பார்த்தபோது இப்படி இல்லை.

இசோபே சான் முழங்காலில் எழுந்து, தொலைக்காட்சிக்கு அருகே நகர்ந்தார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார்.

"குரிஹாரா சான்" என்றார் மெதுவாக. "கொஞ்சம் நகருங்க. மறைக்குது."

நான் பதறிப்போய் இன்னும் ஓர் அடி தள்ளி உட்கார்ந்தேன். ஆனால் நான் அவருக்குப் பின்னால்தானே இருந்தேன்.

"இன்னும் கொஞ்சம்."

அவர் திரும்பவே இல்லை. அவர் சொன்னது அறையில் இருந்த என்னிடம் அல்ல.

திரையில் இருந்த நான், ஓங்கிய மட்டையை இறக்கினேன்.

லென்ஸை நேராகப் பார்த்தேன். தொப்பியைக் கழற்றினேன். இடுப்பு மடியக் குனிந்து வணங்கினேன். அப்படிக் குனிந்தபடியே பக்கவாட்டில் நடந்து, படத்தை விட்டு வெளியே போனேன்.

அன்று திடலில் நான் அப்படிச் செய்யவில்லை. சத்தியமாகச் செய்யவில்லை.

ஆளில்லாத பச்சை விரிப்பு மட்டும் திரையில் இருந்தது. ஓரத்தில் கேமராவின் நேர எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு வேறெதுவும் தெரியவில்லை. எவ்வளவு உற்றுப் பார்த்தும் தெரியவில்லை. ஆனால் இசோபே சான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பிறகு கைகளை எடுத்துவிட்டு, கண்ணாடித் திரையில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்தார்.

"பாத்துட்டேன்டா" என்றார் ரகசியக் குரலில். "அம்மா பாத்துட்டேன். போதும், ஓடு. எல்லாரும் முன்னாடி போயிட்டாங்க பாரு. ஓடு, ஓடு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குத் தேநீர் ஊற்றினார். டேப்பை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். இந்த மெஷினில் போட்டால்தான் ஓடும் என்றேன். "அப்ப அதயும் வெச்சிட்டுப் போங்க" என்றார். இரும்புப் படிக்கட்டில் இறங்கும்போது, உள்ளே டேப் பின்னோக்கிச் சுற்றும் சத்தம் கேட்டது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மிஹோகோவிடம் அப்படித்தான் சொன்னேன்.

ஏப்ரலில் சினாட்சுவைத் தொடக்கப் பள்ளியில் சேர்த்தோம். மறுபடி மச்சானிடம் கேமரா இரவல். மறுபடி அவன் பேச்சு. பள்ளி வாசலில் வைத்திருந்த வரவேற்புப் பலகைக்குப் பக்கத்தில், சினாட்சுவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். மிஹோகோ எதிரே நின்று எடுத்தாள். ஒரு நிமிடம்கூட இருக்காது. நான் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. சினாட்சு என் விரல்களை இறுக்கிப் பிடித்திருந்தாள், அந்தச் சூடுகூட நினைவிருக்கிறது.

மாலை வீட்டில் போட்டுப் பார்த்தோம். பலகை. புதுப் பையோடு சினாட்சு. பக்கத்தில் கோட்டு போட்ட நான்.

திரையில் நான் மகளின் கையை விட்டேன். குனிந்து வணங்கினேன். குனிந்தபடியே பக்கவாட்டில் நகர்ந்து, படத்தை விட்டு வெளியே போனேன்.

"எங்க போனீங்க?" என்றாள் மிஹோகோ. "நான் எடுக்கும்போது நீங்க அங்கதான நின்னீங்க?"

படம் ஓடிக்கொண்டிருந்தது. என் கையைப் பிடிப்பதற்காக உயர்ந்திருந்த சினாட்சுவின் கை, மெல்லக் கீழே இறங்கியது. அவளுடைய உயரமே உள்ள ஒரு குழந்தையின் கையைப் பிடிக்கும் அளவில் நின்றது. விரல்கள் எதையோ பற்றி மூடிக்கொண்டன. கை முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியது. படத்தில் என் மகள் கலங்கலாகத்தான் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நான் விட்டுப்போன அந்த இடம் மட்டும் மிகத் தெளிவாக இருந்தது.